கைப்பிடிக்குச் சூடு

டிசம்பர் 2, 1973. ஞாயிறு

காலையிலிருந்து தூறல். மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். முழங்கை வரை கறுப்பு.

கோத்தகிரி எஸ்டேட் வேலை உறுதியாகிவிட்டது. மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். சொந்த வண்டி கட்டாயம். விடிந்ததும் மலைப்பாதையில் சுற்ற வேண்டும். பயம் அதில்தான். போன தையில் ஊட்டி போனபோது விரல்கள் வெளுத்து மரத்துப்போய், பிரேக் பிடிக்க முடியாமல் வண்டி தேயிலைச் சரிவில் இறங்கி நின்றது. பின்னால் என் மனைவி செல்வி. ஒன்றும் ஆகவில்லை, புண்ணியம்.

மாமனாரிடம் சொல்லவில்லை. மந்தைவெளியில் அவர் வீடு, தி.நகரில் அவர் ஜவுளிக்கடை. கல்யாணச் சீராக வந்த இந்த வண்டிகூட அவர் பேரில்தான். நான் வீட்டோடு மாப்பிள்ளை. நாலு வருஷத்தில் அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பேசியிருந்தால் எப்போதோ கிளம்பியிருப்பேன்.

ராத்திரி சாப்பாட்டில் மாமா, "மாப்ளைக்கு இன்னொரு தோசை வை" என்றார். வேண்டாம் என்றேன். வைத்தார்கள்.

டிசம்பர் 5. புதன்

கடை. கல்லாவைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு. வெளியே கூட்டம் வாயசைக்கிறது, உள்ளே எனக்கு மின்விசிறிச் சத்தம் மட்டும்.

கைக்கு என்ன செய்வது? கம்பளிக் கையுறை: தடிமன், கிளச் பிடிபடாது. தோல் கையுறை: மழையில் ஊறினால் இன்னும் மோசம். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் மின்சாரத்தில் சூடாகும் கைப்பிடி பார்த்தேன். இங்கே யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. செய்துகொள்ள வேண்டியதுதான்.

நீலச் சேலைக்குப் பில் போடாமல் சேலையைக் கொடுத்துவிட்டேன். மாமா சிரித்தார். "மாப்ளைக்கு ஏதோ யோசனை."

டிசம்பர் 8. சனி

ராயப்பேட்டை. மெக்கானிக் பாஷா. முதலில் சிரித்துத் தீர்த்தார்.

"இன்னா சார், மெட்ராஸ்ல குந்திக்கினு கைக்கு சூடு கேக்குறே? வெயிலு பத்தலையா?"

"மலைக்குப் போறேன் பாஷா."

"அப்டி சொல்லு. இஸ்திரிப் பொட்டி கம்பி கீது. சுத்திடலாம்."

ரப்பர் உறையைக் கழற்றி, குழாயில் மைக்காத் தகடு, அதன் மேல் கம்பிச் சுருள், மறுபடி தகடு, பிறகு ரப்பர். பெட்ரோல் டாங்க் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச். வலதுகைப் பிடிதான் தகராறு. முறுக்கும்போதெல்லாம் ஒயர் இழுபட்டது. கொஞ்சம் தளர்த்தி வளைத்து விட்டதும் சரி.

மாமாவிடம் பஞ்சர் என்று சொன்னேன்.

டிசம்பர் 9. ஞாயிறு

கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். உச்சி வெயில், கைக்கு அடியில் நெருப்பு. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. விளக்கும் மங்குகிறது.

செல்வி வெண்ணெய் தடவினாள். "அப்பாகிட்ட எப்பத்தான் சொல்லப் போறீங்க?"

"வண்டி சரியாகட்டும்."

"வண்டியா சரியாகணும்?" என்றாள்.

டிசம்பர் 13. வியாழன்

மறுபடி பாஷா. கம்பியை நீளமாக்கிச் சுற்றினார். சூடு பாதியாகக் குறைந்தது. இதமான சூடு, அடுப்பிலிருந்து இறக்கிய இட்லித் தட்டைத் துணியால் பிடித்த மாதிரி. "ஷோக்கா கீது, நைனா!" என்று தன்னையே தட்டிக்கொண்டார். எனக்கும் ஓர் இளிப்பு, வீடு வரை.

டிசம்பர் 16. ஞாயிறு

மார்கழி பிறந்தது. விடியலில் நல்ல பனி. வாசலில் வண்டியைக் கிளப்பிச் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தார். காலமெல்லாம் துணி கிழித்த கை. கணுக்கணுவாக வீங்கி, மார்கழியில் சட்டைப் பித்தான்கூடப் போட முடியாது. செல்விதான் போட்டு விடுவாள்.

சும்மா கைப்பிடியைத் தொட்டார். எடுக்கவில்லை. மற்ற கையையும் வைத்தார். அப்படியே வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"இது எனக்காவா மாப்ள?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். "ஆமா மாமா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் குனிந்து ஒயரைச் சரிபார்த்தேன்.

டிசம்பர் 20. வியாழன்

தினம் விடிந்ததும் வண்டியில் மாமா. கடையில் வருகிறவர்களிடமெல்லாம் இதே பேச்சு: "பெத்த மகன்கூட இப்படி யோசிக்க மாட்டான்." நான் கண்ணாடிக்குள். வெளியே வாய்கள் அசைகின்றன. என்னைக் காட்டித் தலையாட்டுகிறார்கள்.

செல்வி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சோறு மட்டும்.

சுமை தாங்க முடியாவிட்டால் போட்டுவிடலாம். அன்பு மெத்தையாக இருந்தால் எங்கே போடுவது?

டிசம்பர் 27. வியாழன்

பனி. மாமா வண்டியில், கை கைப்பிடியில். எதிரே போய் நின்று சொல்லிவிட்டேன். கோத்தகிரி, எஸ்டேட், வண்டி, எல்லாம்.

அவர் அசையவில்லை. "தெரியும் மாப்ள. வேலை வந்த அன்னைக்கே செல்வி சொல்லிட்டா."

"அப்போ எனக்காவான்னு கேட்டது?"

"கேட்டுப் பாத்தேன். நீங்க ஆமான்னுட்டீங்க. அதைப் பிடிச்சுக்கிட்டேன்." கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, "போறதுன்னா போங்க. வண்டி இங்கன நிக்கட்டும். என் பேர்லதான இருக்கு."

குரல் உயரவில்லை. வண்டி இல்லாவிட்டால் வேலை இல்லை. அது அவருக்கும் தெரியும்.

செல்வி கோலமாவுக் கையோடு எழுந்து வந்தாள்.

"அப்பாவாச்சேன்னுதான் உங்ககிட்ட சொன்னேன். அதை வச்சே இவரு வாயக் கட்டிட்டீங்க. வண்டி எனக்குப் போட்ட சீரு. இறங்குங்கப்பா."

"அந்தக் குளிரு உனக்கு ஆகாது தாயி."

"பழகிக்கிடுதேன். இறங்குங்க."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். இறங்கினார். ஸ்விட்சை அணைக்க எனக்குக் கை வரவில்லை. செல்வி அணைத்தாள். அப்புறம் அவர் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள். இருவர் முகமும் வேறு வேறு பக்கம்.

கடைக்குப் போகும்போது வழக்கம்போல மாமா பின்னால். கோத்தகிரிக்குப் பதில் அனுப்ப, நந்தனத்தில் தந்தி ஆபீஸ் முன்னால் நிறுத்தினேன். மாமா இறங்கி, நான் திரும்பி வரும்வரை வண்டி சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.