மாட்டு ஊசி

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். நீ போன பிறகு உன்னைப் பற்றி எல்லோரும் பூசி மெழுகித்தான் பேசுகிறார்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் அப்படி எழுதினால், எனக்கு நீ வைத்த பெயரைச் சொல்லி, "டீச்சரம்மா, இது நானே இல்லடி" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவாய்.

நம் பள்ளியின் பெரிய ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்பிரிட் வாசனை இன்னும் போகவில்லை. இன்று ஐந்தாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் தடுப்பூசி போட்டார்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளையும் இங்கேயே அழைத்து வந்திருந்தார்கள். நான் இப்போது பதினொன்றாம் வகுப்பு. வரிசையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நர்ஸ் அக்கா பஞ்சை நனைத்து முதல் பிள்ளையின் கையில் தேய்த்ததும் அந்தக் குளிர்ந்த வாசனை மூக்கில் ஏறியது. உடனே நீ வந்துவிட்டாய். போன வருடம் நீ போட்ட அந்தச் சத்தமும் கூடவே வந்தது.

நாம் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அறிவியல் மிஸ் இதே அறிவிப்பை வாசித்தார். தொண்டை அடைப்பானுக்கும் ரண ஜன்னிக்கும் ஊசி என்று அவர் முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து "ம்மா" என்று ஒரு மாடு கத்தியது. அந்த மாடு நீதான். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் புரியவில்லை. என் அப்பா கோவில்பட்டியிலிருந்து ஓசூர் கம்பெனி வேலைக்கு வந்தவர். எங்கள் வீட்டில் யாரும் மாடு வைத்துப் பார்த்ததில்லை. நீதான் விளக்கினாய். தொண்டை அடைப்பான் மாட்டுக்கு வருகிற நோய், கழுத்து வீங்கி மூச்சு முட்டிச் செத்துப்போகும், அதற்குத்தான் மழைக்கு முன்னால் கால்நடை டாக்டர் உங்கள் ஊருக்கு வருவார் என்றாய்.

"எங்க கௌரிக்குப் போட்டாச்சு மிஸ். காதுல மஞ்சத் தோடுகூட மாட்டி உட்டாங்க. எனக்கும் ஒண்ணு மாட்டி உடுவாங்களா?"

மிஸ்ஸும் சிரித்துவிட்டார். பிறகுதான் சொன்னார்: பெயர்தான் ஒன்று, நோய் வேறு, இது மனிதர் தொண்டையில் வருவது, ஒருவர் இருமினால் அடுத்தவருக்கு ஒட்டும், குழந்தையில் போட்ட ஊசியின் பலம் வளர வளரக் குறையும், அதனால்தான் மறுபடியும் போடுகிறார்கள். அவர் சொன்னது எல்லாமே சரி. ஆனால் பெல் அடிக்கும்போது எல்லோர் வாயிலும் இருந்தது உன் பெயர்தான்: மாட்டு ஊசி.

ஊசி போட்ட அன்று நீ வரவில்லை. மறுநாள் வந்து உள்ளங்கையைக் காட்டினாய். ரோஜா முள் கிழித்த கோடுகள். கெலமங்கலத்துப் பக்கம் உங்கள் தோட்டத்தில் அன்று பூ பறிப்பு. அப்பாவை நீ நாயனா என்றுதான் சொல்வாய்.

"நாயனாகிட்ட மாட்டு ஊசின்னேன். சிரிச்சிக்கினே, முள்ளு குத்தறது பத்தாதா, தோட்டத்துக்கு வாம்மான்னுட்டாரு."

எனக்குக் கை வலித்தது. அதைச் சொல்லி நாள் முழுவதும் கிண்டல் செய்தாய். சாயங்காலம் என் பையைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் நீதான் சுமந்தாய். இரண்டுமே நடந்தன.

உன் நாயனா ஊசியை நம்பாதவர் அல்ல. உன் வீட்டுக்கு வந்திருந்தபோது நானே பார்த்திருக்கிறேனே. கௌரிக்கு ஊசி போட வந்தவர்கள் கயிற்றை யாராவது பிடியுங்கள் என்றதும், அவர் கயிற்றை விட்டுவிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்துக் கொல்லையில் மாடு செத்ததிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை என்றார். ஊசியின் அருமை தெரிந்த மனிதர்தான். மாட்டு ஊசி என்று காதில் விழுந்ததால், அது தன் மகளுக்கு இல்லை என்று இருந்துவிட்டார்.

மழை முடிந்த பிறகு ஒரு திங்கட்கிழமை உன் அம்மாவின் தங்கச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வந்தாய். காய்ச்சல், குரல் கம்மியிருந்தது, தாடைக்குக் கீழே வீக்கம். பொன்னுக்கு வீங்கி என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். கழுத்தில் தங்கம் பட்டால் வற்றிவிடும் என்று சங்கிலி. நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது என் அம்மாவும் அதையேதான் சொன்னார். அவர் ஊரிலும் அதே வழக்கம். மிஸ் உன்னைப் பார்த்ததும் வீட்டுக்குப் போகச் சொன்னார். போகும்போது சங்கிலியைத் தூக்கிக் காட்டி, "பாத்தியா, நோவு வந்தாத்தான் நமக்கு நகை வருது" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

சங்கிலியோடு நீ காத்திருந்தாய். மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் கிருஷ்ணகிரிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருந்ததைப் பார்த்தாராம். பள்ளியில் போட்ட ஊசி போட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டாராம். மருந்து கொடுத்தார்கள். அதற்குள் கிருமியின் விஷம் இதயத்துக்குப் போய்விட்டிருந்தது.

உனக்குப் பிறகு சுகாதாரத் துறையிலிருந்து பள்ளிக்கும் உங்கள் ஊருக்கும் வந்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். விட்டுப்போனவர்களுக்கெல்லாம் ஊசி போட்டார்கள். அதற்கு முன்பே உன் தங்கையை மாலூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஊர்ப் பேச்சில் எப்படியோ முன்னும் பின்னும் மாறிவிட்டது. ஊசி முதலில் வந்ததாகவும், நீ அதனால் போனதாகவும் ஆகிவிட்டது. பஸ்ஸில் கேட்டேன், கடையில் கேட்டேன்: ஸ்கூல் ஊசியில போன பொண்ணு. உன் நாயனா காதிலும் அது விழுந்திருக்கும். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தோட்டத்துக்குப் போவார், வருவார், அவ்வளவுதான்.

அந்தப் பேச்சு இன்று இந்த ஹாலின் வாசலுக்கே வந்துவிட்டது. பெற்றோர் கூட்டமாக நின்றார்கள். ஒரு அம்மா உள்ளே வந்து வரிசையிலிருந்த தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்தார். அதைப் பார்த்து இன்னொருவரும் வந்தார். நர்ஸ் அக்கா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். சுவரோரப் பெஞ்சில், வீட்டில் சம்மதம் சொல்லாத பிள்ளைகளோடு உன் தங்கையும் உட்கார்ந்திருந்தாள். மாலூரிலிருந்து திரும்பி இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். உன்னைப் போலவே காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கால்களைப் பார்த்ததும் எனக்குப் பேச வந்துவிட்டது. "நீங்க சொல்ற பொண்ணு ஊசி போட்டுக்கலை. நான் அவ கூடப் படிச்சவ" என்றேன்.

மகளை இழுத்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எந்த ஊரு பாப்பா? பேச்சே வேற மாதிரி இருக்குது. இந்த ஊரு சங்கதி உனக்கு இன்னா தெரியும்?"

அப்போதுதான் உன் நாயனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தோட்டத்திலிருந்து நேராக வந்திருப்பார் போல, சட்டையில் ரோஜா இலை ஒட்டியிருந்தது. மகளை அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்து எழுப்பினார். நேராக நர்ஸ் அக்காவின் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"போன பொண்ணு எம் பொண்ணுதாங்க. அதுக்கு ஊசி போடலை. நான்தான் வேணாம்னேன். மாட்டுக்குப் போட்டேன். மாடு நல்லா இருக்குது."

பின்னால் நின்றவர்களுக்காக அதையே தெலுங்கில் சொன்னார். பிறகு கன்னடத்தில் சொன்னார். ஒவ்வொரு தடவையும் மாடு என்ற இடத்தில் அவர் குரல் நின்று, பிறகு போனது. உன்னை மூன்று தடவை புதைத்தது போல இருந்தது எனக்கு. ஆனால் அவர் ஒரு மொழியையும் விடவில்லை.

ஊசி ஏறியபோது உன் தங்கை கண்ணை மூடிக்கொண்டு "ம்மா" என்றாள். வலியில் எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். உன் நாயனா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னிடம் கேள்வி கேட்ட அம்மா, இழுத்த மகளை மெதுவாக மறுபடியும் வரிசையில் விட்டார். எல்லோரும் அப்படிச் செய்யவில்லை, சிலர் பேசாமல் வெளியே போய்விட்டார்கள். அதையும் எழுத வேண்டும்.

போன வருடம் எனக்குப் போட்ட ஊசியின் தடம் என் கையில் இல்லை. உள்ளே எங்கோ அது இருந்து என்னைக் காக்கிறது என்று படித்திருக்கிறேன். தோளில் எனக்குத் தெரிகிற தடம் வேறு. நீ வாங்கிக்கொண்ட பை அங்கிருந்துதான் போனது. இன்று உன் தங்கை கை வலிக்கிறது என்றாள். கிண்டல் செய்ய எனக்கு வரவில்லை. அவள் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டு, உன் நாயனாவின் வண்டி வரைக்கும் சுமந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஹாலைப் பூட்ட வாட்ச்மேன் அண்ணன் வந்துவிட்டார். ஒரு வரி இருக்கிறது என்றேன், எழுதி முடிம்மா என்று நின்றார். முடித்துவிட்டேன். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்.