தெளிநீரைக் கொட்டியது யார்

மார்ச் 4
ஆறு நாள் வளர்த்த பாக்டீரியா ஊடகத்தை இன்று மையவிலக்குச் சுழற்றியில் ஓட்டினேன். செல்கள் அடியில் வண்டலாகப் படிந்தன. மேலே தேன் நிறத்தில் தெளிநீர். செல்கள் வெளியே விட்ட, மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி அந்தத் தெளிநீரில்தான் இருக்கிறது. நாளைக்குப் பனிக்கட்டியில் வைத்து உப்புப் போட வேண்டும்.

மார்ச் 5
தெளிநீர் இருந்த குடுவை காலி! கழுவிக் கவிழ்த்திருக்கிறது. வண்டல் மட்டும் குளிர்பெட்டியில் பத்திரமாக. சாற்றைக் கொட்டிவிட்டுச் சக்கையை எடுத்துவைத்த கதை.

துப்புரவு அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் தொடவே இல்லம்மா.”

“அப்ப பேயா வந்து கொட்டுச்சு?”

எல்லோர் முன்னாலும் கத்தினேன். துறைத் தலைவர் பக்கத்தில்தான் நின்றார். “எழுதிக் குடு, பாத்துக்கலாம்” என்றார். எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 6
அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நல்லது. நல்லதுதானா?

மார்ச் 13
புது ஊடகம், புதுத் தெளிநீர். அம்மோனியம் சல்பேட் உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக் கலக்கினேன். நொதி வெள்ளையாகத் திரண்டது. அதைக் கரைத்து, சவ்வுப் பையில் கட்டி, உப்பு வெளியேறக் குளிர்ந்த நீரில் போட்டேன்.

மார்ச் 14
மாவுச்சத்துத் தட்டில் ஒரு சொட்டு வைத்து, பிறகு அயோடின் ஊற்றினேன். நீலத்தின் நடுவே தெளிந்த வட்டம். கிடைத்துவிட்டது!

மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைக்கப் போனபோது பழைய வண்டல் குழாய் கண்ணில் பட்டது. அதில் ஒரு சீட்டு: ‘நொதி – பத்திரம்.’ துறைத் தலைவரின் கையெழுத்து. அன்றே ஏன் பார்க்கவில்லை? கோபத்தில் கண் எங்கே இருந்தது எனக்கு?

நேரே போய்க் கேட்டேன்.

“நொதி செல்லுக்குள்ளதான் இருக்கும்னு நெனச்சேன். உனக்கு உதவியா இருக்கட்டுமேன்னு...”

“அப்பவே ஏன் சார் வாயத் தொறக்கல?”

“கத்துனது நீ. எழுதிக் குடுத்ததும் நீ.”

பாவி மனுஷன். ஆனால் சொன்னது பொய்யில்லையே!

மார்ச் 15
அக்காவின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொல்லவில்லை.

“திட்டுனப்ப எல்லாரும் இருந்தாங்க. இப்ப மட்டும் தனியா வந்து சொல்றீங்க.”

மார்ச் 16
புகாரைத் திரும்பப் பெற்று நிர்வாகத்துக்கு எழுதினேன். கொட்டியது யார் என்பதையும்.

மார்ச் 24
அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். காலையில் எல்லோரும் இருக்கும்போது, துறைத் தலைவரும் இருக்கும்போது, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மதியம் எனக்குக் கடிதம் வந்தது: வேறு பிரிவுக்கு மாற்றம். நொதிக் குழாய்களை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன். அக்கா தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஈரமா இருக்கு. ஓரமா போங்க.”

ஓரமாகப் போனேன்.