பின் கதவின் ஏழு கோடுகள்

மார்ச் 4

பாப்பா அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். தானும் மாப்பிள்ளையும் அடிக்கடி உன்னை வந்து பார்ப்பதாகப் பாப்பா சொன்னாள். சந்தோஷம். போனில் பேசினால் குறுக்கே பேசுகிறேன் என்றாய், அதனால் எழுதுகிறேன்.

நம் காரைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். வெளி வேலை முடிந்தது. உள்ளே எல்லாம் கம்பெனி போட்டபடியே இருந்தால் பழைய கார் சங்கம் 'அசல்' என்று பட்டயம் தரும். சாம்பல் கிண்ணம், கூரை விளக்கு எல்லாம் கிடைத்துவிட்டன. பின் கதவுகளின் உள்பக்கம் ரெக்சின் போர்த்திய பலகை இருக்குமே, அதில் ஏழு தையல் கோடுகள் இருந்தன. கம்பெனி புத்தகத்தில் ஐந்துதான். விபத்துக்குப் பிறகு ஒர்க்‌ஷாப்காரன் மாற்றியிருக்கிறான், திருடன். நான்கு மாதம் அலைந்து ஐந்து கோட்டு ஜோடி ஒன்றைப் பிடித்தேன். பழையதைப் பழைய இரும்புக் கடையில் போட்டாயிற்று.

ஒரே சந்தேகம். ஜன்னல் கண்ணாடியை இறக்கும் கைப்பிடியின் குமிழ் கறுப்பா, வெள்ளையா? உனக்கு ஞாபகம் இருக்கும்.

பாப்பா அப்பா

*

மார்ச் 11

பாப்பா அப்பாவுக்கு,

குமிழ் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. சந்தன நிறம்.

ஒர்க்‌ஷாப்காரரைத் திருடன் என்று சொல்லாதீர்கள். விபத்தில் அடிபட்டது முன் கதவு, அதுவும் உங்கள் பக்கம். பின் கதவில் ஏழு கோடுதான், வண்டி வந்த நாளிலிருந்தே. முன் சீட்டில் உங்கள் ஃபைல்கள் உட்காரும், நான் பின்னால் உட்காருவேன். பாப்பா எண்ணக் கற்றுக்கொண்டதே அந்தக் கோடுகளில் விரலை வைத்துத்தான். எட்டு வராமல் ஏழோடு நிறுத்திக்கொள்வாள்.

என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எறிந்திருக்கலாம். வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றும் மூன்று முறை சொன்னேன். பத்து வருஷ உத்தரவாதம் என்று கான்ட்ராக்டரின் காகிதத்தைக் காட்டினீர்கள். காகிதம் நனையவில்லை, என் தையல் மிஷின்தான் நனைந்தது. அன்றைக்குத்தான் கிளம்பினேன். ஒன்றரை வருஷமாகியும் நீங்கள் மாறவே இல்லை.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

பாப்பா அம்மா

*

மார்ச் 19

பாப்பா அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே இரும்புக் கடைக்கு ஓடினேன். வந்த வாரமே லாரியில் ஏற்றிவிட்டார்களாம். அரைநாள் குப்பையைக் கிளறிவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

புதிதாகச் செய்தாலும் கம்பெனி செய்த மாதிரியே இருந்தால் சங்கம் ஒப்புக்கொள்ளும். கோட்டுக்குக் கோடு எவ்வளவு இடைவெளி? எனக்குத் துளியும் ஞாபகமில்லை. உன் கண்ணளவு போதும், டேப் வைத்துச் சரிபார்க்க மாட்டேன்.

கூரையையும் பார்த்தேன். மேலே ஏறி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். நீ காட்டிய இடத்தில்தான் ஒழுகியது. அடைத்தாயிற்று. நீ அப்போது சொன்னபோதே ஏறிப் பார்த்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

பாப்பா அப்பா

*

மார்ச் 27

பாப்பா அப்பாவுக்கு,

மன்னிப்பெல்லாம் கேட்கிறீர்கள், உடம்புக்கு ஒன்றுமில்லையே? கூரைமேல் ஏறுகிற வயசா இது? பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடக் கூடாதா?

செய்தித்தாளில் கதவின் அளவுக்கு மாதிரி வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். கீழே போகப் போகக் கோடுகள் நெருங்கும், குஷன் கடைக்காரரிடம் சொல்லுங்கள். நூல் காப்பி நிறம். கறுப்பு நூல் போட்டால் நான் அங்கே வந்து பிரித்துவிடுவேன்.

பாப்பா அம்மா

*

ஏப்ரல் 22

பாப்பா அம்மாவுக்கு,

கறுப்பு நூல் போடச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், நீ வருவாய் என்பதற்காக. துணிச்சல் வரவில்லை.

நேற்று சங்கத்திலிருந்து பரிசோதகர் வந்தார். நல்ல மனிதர், அவரிடமும் இதே வண்டி இருக்கிறது. குமிழைப் பார்த்துச் சொக்கிப்போனார். பின் கதவைத் திறந்து புதிதாகத் தைத்த ஏழு கோட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. இது ஒன்றை மாற்றினால் பட்டயம் இப்போதே தருகிறேன் என்றார். ஐந்து கோட்டு ஜோடி பரண்மேல்தான் இருந்தது, பத்து நிமிஷ வேலை.

"புத்தகத்துல அஞ்சுதான் சார் போட்டிருக்கு" என்றார்.

"புத்தகம் இந்த வண்டியில உக்காந்ததில்ல சார். என் வீட்டுக்காரி உக்காந்திருக்கா" என்றேன்.

சிரித்துவிட்டுப் பேனாவை மூடிவிட்டார். பட்டயம் இல்லை. எனக்கு வருத்தமும் இல்லை. நம்பினால் நம்பு.

வீட்டில் வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது. நான் செய்வது தப்பு என்று சொல்ல ஆளில்லை. தாங்கவில்லை. வந்துவிடேன்.

பாப்பா அப்பா

*

மே 3

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை அப்படியே போட்டுவிட்டு அழுதேன். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக வெளி ஆள் ஒருவர் முன்னால் என் வார்த்தையைத் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். அன்றைக்கே பெட்டி கட்ட உட்கார்ந்தேன்.

கட்டும்போதுதான் இந்தப் போட்டோ கிடைத்தது. வண்டி வந்த நாள். பின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ராணி மாதிரி நிற்கிறேன். பலகை தெரிகிறது. எண்ணினேன், பூதக்கண்ணாடி வைத்தும் எண்ணினேன். ஐந்து.

மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். பிறகு ஞாபகம் வந்தது. பாப்பா வயிற்றில் இருந்தபோது நீங்கள் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் தம்பி என்னை நம் வண்டியில் கூட்டிவரும்போது, கதவு முழுக்க வாந்தி எடுத்துவிட்டேன். என்ன துடைத்தும் கறை போகவில்லை. நீங்கள் வருவதற்குள் குஷன் கடையில் சொல்லி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று இரண்டையும் மாற்றினேன். திட்டுவீர்களே என்று சொல்லவில்லை. நீங்களும் கவனிக்கவில்லை. மறைத்து மறைத்து நானே மறந்துபோனேன்.

ஆக, புத்தகம் சரி. நீங்கள் சரி. என்னை நம்பித்தான் உங்கள் பட்டயம் போயிற்று. போட்டோவைக் கிழித்துவிடலாமா என்று கூட நினைத்தேன். மனசு கேட்கவில்லை, இதோடு அனுப்புகிறேன். ஐந்து கோட்டை மாட்டிப் பட்டயத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டி பாதியில் நிற்கிறது. உங்கள் பக்கம் நியாயம் இருக்கும்போது நீங்கள் எப்படிப் பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்கு என்னால் திரும்பி வர முடியாது. அதுதான் பயமாக இருக்கிறது.

பாப்பா அம்மா

*

மே 9

பாப்பா அம்மாவுக்கு,

போட்டோ வந்தது. வெகுநேரம் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டை எண்ணவில்லை, நீ எண்ணினால் போதும்.

பரிசோதகரிடம் போய்ப் புத்தகம்தான் சரி என்று ஒப்புக்கொண்டேன். ஐந்து கோட்டு ஜோடியையும் அவருக்கே கொடுத்துவிட்டேன், அவர் வண்டிக்கு ஆகும். நம் வண்டியில் ஏழுதான் இருக்கும்.

வயிற்றில் பிள்ளையோடு வாந்தி எடுத்தவள், கட்டின புருஷனிடம் அதைச் சொல்லப் பயந்திருக்கிறாய். அந்த வரியைத் தாண்டிப் படிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அப்படி என்ன மனுஷனாக இருந்திருக்கிறேன் நான்.

நீ சொன்னது தப்பாகவே இருக்கட்டும். நான் உன் பேச்சைக் கேட்டது தப்பில்லை.

சனிக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். மீதிப் பெட்டியை நீயே கட்டாதே, மிஷின் கனம். நான் வந்து தூக்குகிறேன்.

பாப்பா அப்பா