மேனேஜர் வைத்த விருந்து

என் அன்பு மனைவிக்கு,

நான் சௌக்கியம். உன் முதுகுவலி தேவலையா? அம்மா மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா?

எப்போதும் சந்துமுனை நூடுல்ஸ் கடையில் நின்றபடியே சாப்பிடும் எங்களை, நேற்று மேனேஜர் பெரிய சீன ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார். வெள்ளைத் துணி விரித்த மேஜை, முழு மீன், ராஜ உபசாரம்தான் போ!

போன வாரம் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போன வெல்டர் அண்ணனைப் பற்றி விசாரணை வருகிறதாம்.

"அவன் சேஃப்டி பெல்ட் போடலைன்னு எல்லாரும் சொல்லிடுங்க" என்றார் மேனேஜர்.

நான் தட்டை நகர்த்தி வைத்தேன். "போட்டிருந்தாரு சார். கயிறுதான் அறுந்துச்சு" என்றேன். மற்றவர்கள் தலை நிமிரவில்லை.

இன்று வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அறையில் பேச ஆளில்லை. பாப்பா பாடுவதைப் பதிவு செய்து அனுப்பு.

ஊருக்குப் போகப் பெட்டியைக் கட்டச் சொல்லிக் கம்பெனி ஆட்கள் கதவைத் தட்டுகிறார்கள். நீ உடனே அண்ணியைப் போய்ப் பார். கம்பெனி என்ன சொன்னாலும், அண்ணன் மேல் தப்பில்லை என்று சொல்.

உன் கணவன்