கைக்குட்டையில் இருந்த கறுப்பு

ஆனி 9, புதன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தா.

சாயங்காலம் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார். "உங்க வீட்டுக்காரருக்கு மூக்குல வந்த பூஞ்சை கண்ணுக்குப் பின்னாடி போயிடுச்சும்மா. சர்க்கரை வேற ஏறிக் கிடக்கு. மூளைக்குப் போறதுக்குள்ள, காலையிலயே ஆபரேஷன் பண்ணணும். கண்ணையே எடுக்க வேண்டி வரலாம். மூக்குலேர்ந்து எப்போலேர்ந்து கறுப்பா வருது?"

"நேத்துலேர்ந்து" என்றேன்.

பொய். எட்டு நாளாக, வீட்டுக்காரர் மூக்குச் சிந்திக் கறுப்பு படிந்த கைக்குட்டையை நான்தான் சோப்புப் போட்டுத் துவைக்கிறேன். முதல் நாளே அவரிடம் காட்டிக் கேட்டேன்.

"கல்லு தூசிடி. சிலை செதுக்குறவன் மூக்குல இன்னா மல்லிப்பூவா வரும்? இதுக்குப் போயி பயந்துகினு கீறியே" என்று சிரித்தார். நானும் விட்டுவிட்டேன். மாமல்லபுரத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக் கைக்குட்டையும் அழுக்குத்தான்.

விடிந்ததும் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். திட்டினால் திட்டட்டும்.

தூக்கம் வரவில்லை. அவர் கழற்றிப் போட்ட வேலைச் சட்டையை மடிக்கலாம் என்று இப்போதுதான் பையிலிருந்து எடுத்து உதறினேன். தூசி கொட்டி என் மடியெல்லாம் வெள்ளை.

ஒரு மாதமாக அவர் செதுக்கியது வெள்ளைப் பளிங்கு.