பிறை பிந்திய ஞாயிறு

பெப். 11, செவ்வாய்

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் வெயில். கப்பலில் ஏற்ற வேண்டிய தேயிலைப் பெட்டிகள் எங்கள் கொம்பனிக் கந்தோர் வாசல்வரை அடுக்கிக் கிடக்கின்றன.

சிவராத்திரி. விரதம். இன்றைக்குப் பந்துப் பயிற்சி வேண்டாம் என்று கப்டன் அந்தோனியிடம் நேற்றே சொன்னேன். "ஓம் கிளாக்கர், உங்கட கோயில் நாள்தானே" என்றான். ஒரு சொல்லோடு முடிந்தது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

கொம்பனி டீமின் செயலாளர் வேலையும் என் தலையில். ஞாயிறு மட்ச்சுக்குச் செய்ய வேண்டியவை: கொழும்பு டீமுக்குத் தங்க இடம். கோல் வலையில் கிழிசல். டிக்கட் புத்தகம் இன்னும் இரண்டு. இடைவேளைக்குத் தோடம்பழம் மூன்று டசின்.

மனைவி பவளம் கோயிலுக்குப் புறப்பட்டு நிற்கிறாள். மிச்சம் பிறகு.

பெப். 12, புதன்

கண் எரிகிறது, நித்திரை இல்லை. நேற்று என் நெற்றியில் திருநீறு, இன்று அந்தோனியின் நெற்றியில் சாம்பல். கிறிஸ்தவர்களுக்குத் தவசு காலம் தொடங்கிவிட்டதாம். ஜமால் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தான். "நோன்பு பிடிக்கிற நான் மட்டும்தான் இங்க வெளிச்ச முகம்."

ஜமால் எங்கள் கோல் கீப்பர். கிண்ணியாப் பெடியன், இருபத்து நாலு வயது. மூன்று வருடத்துக்கு முன் மனேஜர் இவனை எடுத்தது பந்துக்காக. பண்டகசாலையில் பெட்டி எண்ணுவது பெயருக்குத்தான். மற்றக் கொம்பனிகளும் இப்படித்தான் ஆள் பிடிக்கின்றன. விளையாட்டுத்தான் உத்தியோகம். அது அவனுக்கும் தெரியும்.

ஒரு மணித்தியாலம் நோன்போடு கோலில் நின்றான். வாயில் தண்ணீர் படவில்லை. முடிந்ததும் என்னிடம் வந்தான்.

"அண்ணன், வெள்ளிக்கிழமை பிறை தெரிஞ்சா சனி பெருநாள். ஞாயிறு நான் வாறன், பிரச்சின இல்ல. பிறை பிந்தினா ஞாயிறுதான் பெருநாள். அப்பிடி வந்தா மட்ச்ச சனிக்கிழமைக்கு மாத்தித் தருவீங்களா? நோன்போடயே விளாடுறன்."

"கொழும்பு ஆக்கள் சனி காலமையே வந்திடுவினம். மாத்தலாம். மனேஜரிட்ட நான் சொல்லுறன், நீர் யோசியாதையும்."

சுகமாகச் சொல்லிவிட்டேன். கலியாணம் முடித்து இது அவனுக்கு முதல் பெருநாள்.

பெப். 14, வெள்ளி

பகல் முழுக்க மூட்டம். பின்னேரம் கடற்கரையில் தொப்பி போட்டவர்கள் கூட்டமாக மேற்கைப் பார்த்தபடி. நானும் சைக்கிளை நிறுத்திப் பார்த்தேன். மேகம்தான்.

ரேடியோவில் சொன்னார்கள். ஒரு இடத்திலும் பிறை காணவில்லை. ஞாயிறு பெருநாள்.

நாளைக் காலை முதல் வேலை: மனேஜரைக் காண்பது.

பெப். 15, சனி

எழுத விருப்பமில்லை. எழுதுகிறேன்.

கொழும்பு டீம் காலை ரயிலில் வந்தது. மனேஜர் அவர்களுடைய பெரியவர்களோடு கந்தோரில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். என்னையும் அந்தோனியையும் கூப்பிட்டார். தன் பக்கத்துக் கதிரையை இழுத்து, "இரும்" என்றார். ஒன்பது வருடத்தில் அந்த அறையில் நான் கதிரையில் இருந்தது இன்றுதான்.

நான் வாய் திறக்க முதல் அந்தோனி தொடங்கினான். "சேர், நாளைக்குப் பெருநாளாம். இண்டைக்குப் பின்னேரமே வைச்சா என்ன? இவையும் வந்திட்டினம்."

"டிக்கட்டில ஞாயிறு எண்டெல்லோ அடிச்சிருக்கு" என்றார் மனேஜர். "லீவு நாளிலதான் சனம் வரும். வேலை நாளில மட்ச் வைச்சா ஆர் வருவினம்? கிண்ணியா, மூதூர்ச் சனமும் புது உடுப்போட வந்து பாக்கும்."

"பாக்கிறது வேற சேர். பெரிய வெள்ளிக்கு நான் விளையாட மாட்டன். என்னை ஒருத்தரும் கேக்கிறதுமில்லை. அவனும் அப்பிடித்தானே."

மனேஜர் என் பக்கம் திரும்பினார். "கிளாக்கர், அவன் உம்மோடதானே கதைக்கிறவன். வருவானோ?"

கொழும்புக்காரர் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தோனியும் பார்த்தான். கதவை அவன் திறந்து வைத்திருந்தான். நான் நுழைந்திருந்தால் போதும்.

"வருவான் சேர். நான் போய்ச் சொல்லிக் கூட்டி வாறன்."

"பாத்தீரோ அந்தோனி" என்று சிரித்தார் மனேஜர். என் தோளில் தட்டினார். எனக்கு அது பிடித்திருந்தது. அதை எழுதாமல் விட்டால் மிச்சம் எழுதியும் பயனில்லை.

மதியம் பஸ். துறையில் படகுக்கு முக்கால் மணித்தியாலம். எங்கும் பெருநாள் சாமான் வாங்கின சனம். ஜமால் வீட்டில் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தது, ஈரம் காயவில்லை. குசினியில் சர்க்கரை போட்டுத் தொதல் கிண்டும் மணம்.

"கேட்டீங்களா அண்ணன்?"

"கேட்டனான். ஏலாதெண்டிட்டார்."

பொய். கேட்டவன் அந்தோனி.

அவன் எனக்குப் பாய் விரித்தான். பிறகு, "அப்ப நான் வரல்ல" என்றான். கோபம் இல்லை. "காலையில தொழுதிட்டுப் பின்னேரம் விளாட வா எண்டு சொல்லுவாங்க. பெருநாள் எண்டா தொழுகை மட்டுமில்ல அண்ணன். வீட்டுக்கு மனிசர் வருவாங்க. என்ட வீட்டுக்காரிட உம்மா வாப்பாவப் பாக்க மூதூருக்குப் போகணும். டிக்கட் எடுத்த சனத்துக்கு முன்னால அண்டைக்கு உருண்டு பிரள என்னால ஏலா."

"சுகமில்லை எண்டு சொல்லட்டோ?"

"பெருநாளுக்குப் பொய்யா?" என்றான்.

நோன்பு துறந்த கையோடு அடுத்த வீட்டு வாத்தியாரிடம் போய் மனேஜருக்கு ஒரு லீவுக் கடிதம் எழுதிக்கொண்டு வந்தான். ஒரு பக்கம். அவனுடைய வாப்பா எனக்குக் கஞ்சி ஊற்றித் தந்தார். "எங்கட பிள்ளைக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறீங்க" என்றார். குடித்தேன்.

கடிதம் சேர்ட் பொக்கற்றில். காலையில் எப்படியும் கொடுக்க வேண்டும்.

பெப். 16, ஞாயிறு

வெயில். நல்ல சனம்.

கொடுக்கவில்லை. காலையில் மனேஜர் விருந்தினரோடு கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போய்விட்டார். பின்னேரம் மைதானத்தில் கண்டபோது அவருக்குப் பக்கத்தில் ஆட்கள். 4.15 ஆயிற்று. நாலரைக்கு விசில்.

ஜமாலின் இடத்தில் கந்தோரில் கணக்கு எழுதும் லிகிதர் ஒருவரை நிறுத்தினோம். பாவம், பந்தைக் கண்டால் கண்ணை மூடுகிறார். 4-1. தோற்றோம்.

மனேஜர் சொன்னது சரி, புது உடுப்போடு முஸ்லிம் இளைஞர்கள் ஒரு பக்கம் முழுக்க இருந்தார்கள். "ஜமால் எங்க?" என்று முதலில் கேட்டவர்கள் அவர்கள்தான். பிறகு ஒருவர், "வராதது நல்லம், அவன் ஆம்பிள" என்று சொன்னது காதில் விழுந்தது.

முடிந்ததும் மனேஜர் எல்லோருக்கும் முன்னால், "எங்க உம்மட ஆள்?"

"தெரியாது சேர். வருவன் எண்டுதான் சொன்னவன்."

சொல்லும்போது கை பொக்கற்றில் இருந்தது. கடிதத்தின் மடிப்பு விரலில் பட்டது. சொல்லி முடித்தேன்.

பெப். 17, திங்கள்

ஜமால் ஏழரைக்கே வந்துவிட்டான். என் மேசையில் ஒரு பார்சல் வைத்தான். வாழையிலையில் சுற்றி, மேலே பேப்பர். பெருநாள் பலகாரம், தொதலும் மஸ்கட்டும். "அண்ணிக்கு. என்ட வீட்டுக்காரி கிண்டின. கொஞ்சம் இறுகிப் போச்சாம், குற நினைக்க வேணாமெண்டா." பண்டகசாலைக்குப் போனான்.

ஒன்பது மணிக்கு மனேஜர் கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல எழுதினேன். அறிவித்தல் இன்றிச் சமூகமளிக்காமை. கொம்பனிக்கு அவப்பெயர். இன்றிலிருந்து நீக்கம்.

"சேர், பெருநாள் லீவு நாள்தானே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"லீவு கேட்டிருந்தா அது வேற கதை. சொல்லாமக் கொள்ளாம வராம விட்டவன்."

இப்போதாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம். நேற்றுச் சொன்ன பொய் வெளியே வரும் என்ற பயம். அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

நானே டைப் அடித்தேன். பார்சல் மெஷினுக்குப் பக்கத்தில். இரண்டு இடத்தில் பிழை, மூன்று தாள் கிழித்தேன்.

ஜமால் நின்றபடி வாசித்தான். "என்ட கடிதம் குடுத்தீங்கதானே?"

"ஓம்."

"வாசிச்சிட்டா இப்பிடிச் செஞ்சார்?"

நான் மை போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவன் டீம் ஜேசியையும் கையுறையையும் மடித்துக் கதிரையில் வைத்தான். "ஒங்களுக்குக் கரச்சல் தந்திட்டன் அண்ணன். கிண்ணியா வரைக்கும் அலஞ்சீங்க." போய்விட்டான்.

வீட்டில் பவளம் பார்சலைப் பிரித்து ஒரு துண்டு வாயில் போட்டாள். "ஆர் சொன்னது இறுகிப் போச்செண்டு? நல்ல பதம்." எனக்கும் ஒன்று நீட்டினாள். வயிறு சரியில்லை என்றேன்.

பெப். 18, செவ்வாய்

கந்தோர். ஒன்றும் இல்லை. பண்டகசாலைப் பக்கம் போகவில்லை.

பெப். 20, வியாழன்

காற்று. கடல் கறுத்துக் கிடக்கிறது.

பவளம் ஜமாலின் மனைவிக்கு ஒரு சட்டைத் துணி எடுத்து வைத்திருக்கிறாள். "ஜமாலிட்டக் குடுத்து விடுங்கோ, முதல் பெருநாளெல்லோ" என்றாள். அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தையும் காட்டினேன். வாசித்தாள். திட்டுவாள் என்று இருந்தேன். எழும்பிப் போய் மிச்சத் தொதலை இலையோடு கட்டி அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். "அதை நாங்கள் தின்னக் கூடாது" என்றாள்.

யோசித்துப் பார்க்கிறேன். சிவராத்திரிக்கு என் வாயிலிருந்து ஒரு சொல் போதுமாக இருந்தது. போன வருடம் தேருக்கு மட்ச்சைத் தள்ளி வைத்தவனும் நான்தான். எனக்காகக் கேட்கும்போது குரல் நன்றாக வந்தது.

பெப். 21, வெள்ளி

மு.ப. 8. மனேஜர் வந்ததும் உள்ளே போனேன். கடிதத்தை மேசையில் வைத்தேன். சொன்னேன்.

முழுதும் வாசித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கிறான்" என்றார். பிறகு, "இது எப்ப உம்மட கையில தந்தது?"

"சனிக்கிழமை, சேர்."

கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "நீர் இதை எனக்குச் சொல்லாமலே விட்டிருக்கலாம்" என்றார். "சீனன்குடாவிலயிருந்து புதுக் கீப்பர் நேற்று வந்து சைன் வைச்சிட்டான். இனி ஒண்டும் செய்யேலாது. பைலில போட்டு வையும்."

தண்டனை தருவார் என்று நினைத்தேன். என் பெயரைக் கூட ஒரு இடத்திலும் எழுதவில்லை. தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். எனக்கும் சேர்த்து.

பெப். 23, ஞாயிறு

கிண்ணியா. துணிப் பார்சலோடு.

ஜமால் நெல் மில்லில். மூட்டை ஏற்றுகிறான். தலையில் உமி. என்னைக் கண்டதும் மூட்டையை இறக்கி, கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். வாருங்க என்றான். மில்லுக்குப் பின்னால் வாகை மரத்தடியில் நின்று சொன்னேன். சனிக்கிழமைக்கு மாற்றும்படி நான் கேட்கவே இல்லை என்பது. வருவான் என்று வாக்குக் கொடுத்தது. கடிதம் பொக்கற்றில் இருந்தது. திங்கட்கிழமை சொன்ன "ஓம்".

அவன் தலையில் இருந்த உமியைத் தட்டினான்.

"அப்ப மனேஜர் வாசிக்கவே இல்லயா?"

"வெள்ளிக்கிழமைதான் வாசிச்சவர்."

"நான் நினைச்சன், எழுத்துப் பிழ ஏதும் இருந்திருக்கும் எண்டு. மரியாத குறஞ்ச சொல்லு ஏதும் போட்டிருப்பன், அதான் அவருக்குக் கோவம் வந்திருக்கும் எண்டு. வாத்தியாரோடயும் சண்ட பிடிச்சிட்டன், நீங்கதான் பிழயாச் சொல்லித் தந்தீங்க எண்டு."

"பிழை ஒண்டும் இல்லை. நல்லா எழுதியிருக்கு எண்டு மனேஜரே சொன்னவர்."

"ஆ" என்றான்.

மில்லுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். துணிப் பார்சலை நீட்டினேன். வாங்கவில்லை. "வீட்டுக்குப் போகாதீங்க" என்றான். "வாப்பாட்ட ஒண்டும் சொல்லாதீங்க. அந்தக் கிளாக்கர் நமக்காக மனேஜரோட வாதாடினவர் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறார். அவருக்கு அது ஒரு ஆறுதல்."

போய் மூட்டையைத் தூக்கினான். நான் நின்றேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. படகு வரும்வரை துறையில் நின்ற நேரம் முழுக்க, யாராவது என்னை அடையாளம் கண்டு நன்றி சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

மார்ச் 1, ஞாயிறு

பவளம் துணியைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். அந்தோனி என்னோடு பந்து விஷயம் மட்டும் கதைக்கிறான். யார் அவனுக்குச் சொன்னது தெரியாது. நல்லது.

மார்ச் 6, வெள்ளி

டீம் கூட்டம், பி.ப. 5. வந்தோர் ஏழு. நான் குறிப்பு எழுதினேன்.

கொழும்பு டீம் மறுபடி வர விருப்பமாம். இம்மாதம் 27 அவர்களுக்குத் தோதான நாள் என்று எழுதியிருக்கிறார்கள். மனேஜர் கலண்டரைப் பார்த்தார். "ஐயோ, பெரிய வெள்ளி. அண்டைக்கு ஏலாதெல்லோ." எல்லோரும் தலையாட்டினார்கள். அரை நிமிடம் ஆகவில்லை.

நான் எழும்பினேன். எதற்கு எழும்பினேன் என்று தெரியாது, இருந்தபடியே சொல்லியிருக்கலாம். "இதை ஒரு விதியா எழுதுவம் சேர். பெரிய வெள்ளி, சிவராத்திரி, தேர், வெசாக். பெருநாள் ரெண்டும். அந்த நாளுகளில எங்கட டீம் விளையாடாது. ஆரையும் விளையாடச் சொல்லிக் கேக்கவும் கூடாது."

அந்தோனி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தாங்கவில்லை.

யாராவது எதிர்ப்பார்கள், வாதாட வேண்டி வரும் என்று மூன்று நாளாகச் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். ஒருவரும் எதிர்க்கவில்லை.

"தாராளமா எழுதும்" என்றார் மனேஜர். "இப்ப எங்கட டீமில முஸ்லிம் ஆக்கள் ஒருத்தரும் இல்லைத்தானே."

எழுதினேன். ஏகமனதாக நிறைவேறியது.