ஆறாவது வீட்டுக்கான பரிசு

சிவகாசி
29 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். செப்டம்பர் விபத்திலிருந்து இதுதான் நடக்கிறது. அதனால் எழுதி, டிரைவர் பெத்தணனிடம் கொடுத்தனுப்புகிறேன். கோபம் என்மேல்தானே, அவருக்குக் காப்பி கொடு.

டிசம்பர் 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வளாகத்தில் நம் பட்டாசுக் கம்பெனியின் கிறிஸ்துமஸ் பரிசு வழங்கும் விழா. விபத்தில் ஆளை இழந்த ஐந்து வீட்டுக்கும் பெரிய பெட்டியாகக் கொடுக்கிறோம். மிக்ஸி, சேலை, பிள்ளைகளுக்கு பேட்டரி கார். அம்மா இருந்தவரை அம்மா கொடுத்தாள், அப்புறம் நீ கொடுத்தாய். இந்த வருஷம் நீ மேடையில் இல்லாவிட்டால் ஊர் நாலுவிதமாகப் பேசும். ஜனவரி 6ஆம் தேதி விசாரணை இருக்கிறது. குடும்பமாக நின்று கொடுக்கிற போட்டோ ஒன்று இருந்தால் நல்லது என்று வக்கீல் சொல்கிறார்.

நீ கேட்பாய் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். வெள்ளைத்தாய் வீட்டைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதில் செத்த அவள் மகள் பாண்டிமீனா வெடிமருந்துத் தட்டைக் கீழே போட்டதால் வந்த வினைதானே இது? அவளுக்கும் பெட்டி கொடுத்தால் மற்ற ஐந்து வீட்டாரும் என்ன நினைப்பார்கள்?

தலையில் எண்ணெய் வைத்துக்கொள். போன தடவை பார்த்தபோது இளைத்திருந்தாய்.

உன் தம்பி
ஜெயச்சந்திரன்

*

விருதுநகர்
2 டிசம்பர் 2025

சந்திரனுக்கு,

பெத்தணன் இரண்டு தம்ளர் காப்பி குடித்தார். நான் எழுதுவதை எட்டிப்பார்த்துவிட்டு, "ஒங்க மொகத்தப் பாத்தா கோர்ட்டு நோட்டீசு மாதிரில்ல இருக்கு. இத நான் எப்பிடிக்கா மொதலாளி கையில குடுக்க?" என்றார். கொடுத்திருப்பார் என்று நம்புகிறேன்.

மேடைக்கு வரமாட்டேன்.

இருபத்து நான்கு வருஷமாகக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். மருந்து எப்படித் தீப்பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். தட்டு விழுந்திருக்கலாம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான்கு பேர் மட்டுமே உட்கார வேண்டிய அறையில் ஆறு பேர் எப்படிச் செத்தார்கள்? இதற்கு வேதியியல் தேவையில்லை, ஒன்றாம் வகுப்புக் கணக்குப் போதும்.

நீ பெட்டி கொடு. நானும் பரிசு கொடுக்கப்போகிறேன், ஆறு வீட்டுக்கு. கடையில் வாங்கியது ஒன்றும் இருக்காது. அச்சாபீசில் தள்ளிவிட்ட தாளும், காலண்டர் அட்டையும், பசையும்தான். அம்மாவின் சட்டம் நினைவிருக்கிறதா? "வாங்குனது கடைக்காரன் குடுக்குறது, செஞ்சதுதான் நீ குடுக்குறது" என்பாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு நீ மூங்கிலைச் சீவி எனக்கு ஸ்கேல் செய்து கொடுத்தாய். ஒரு அங்குலத்துக்கும் அடுத்த அங்குலத்துக்கும் சம்பந்தமே இல்லை. கொடுக்கும்போதே, "கோணலாப் போச்சுக்கா" என்று சொல்லிவிட்டாய். அது இன்னும் என் மேசையில் இருக்கிறது.

ஞானசுந்தரி

*

சிவகாசி
9 டிசம்பர் 2025

அக்கா,

ஒட்டும் பசையும் குப்பைத் தாளும் கொண்டுபோய் ஆள் செத்த வீட்டில் கொடுப்பாயா? சிரிப்பார்கள். நீ படித்தது பட்டாசில். உன் கல்லூரி ஃபீஸ், ஹாஸ்டல், எம்.ஃபில். எல்லாம் பட்டாசு. அதை மறந்துவிட்டு எனக்கு ஒன்றாம் வகுப்புக் கணக்குச் சொல்லித்தருகிறாய்.

கணக்குத்தானே வேண்டும்? அன்று அந்த அறையில் பதினொரு பேர். போதுமா? தீபாவளிக்கு நாலு வாரம். லோடு ஏற்ற லாரி வாசலில் நிற்கிறது, ஆர்டர் கொடுத்தவன் மணிக்கொரு தரம் கூப்பிடுகிறான். நான்கு நான்கு பேராக உட்காரவைத்தால் சீசன் எப்படி முடியும்? நான்தான் உள்ளே உட்காரச் சொன்னேன். "எடமில்ல மொதலாளி, கை இடிக்குது" என்றாள் பாண்டிமீனா. சொன்னாள்தான். "இன்னைக்கு ஒருநாள் பாத்துக்க" என்றேன். நான் என்ன, கொல்லவா சொன்னேன்?

எனக்குத் தூக்கம் போய் மூன்று மாதமாகிறது. இதை உன்னிடம் தவிர யாரிடமும் சொன்னதில்லை. கம்பெனி மூடினால் அந்தப் பொம்பளைகளுக்கே வேலை போகும், அதையும் யோசி. மேடைக்கு வா.

ஜெயச்சந்திரன்

*

விருதுநகர்
15 டிசம்பர் 2025

சந்திரனுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை எம். புதுப்பட்டிக்குப் போயிருந்தேன். வெள்ளைத்தாய் கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. "பிள்ளைகளுக்குப் பரிசு செய்ய வேண்டும், உன் கை வேண்டும்" என்றேன். பிறகுதான் வழிவிட்டாள். இருபது வருஷமாக வீட்டில் பட்டாசுக் குழாய் உருட்டுகிறவள் அவள். நான் தாளை நீட்டினால் பார்க்காமலே உருட்டி ஒட்டிப் போடுகிறாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. குழாய்க்குள் மிட்டாயும் பென்சிலும் வைத்து, இரண்டு பக்கமும் முறுக்கி, ஜிகினா ஒட்டினால் அழகாயிருக்குமே என்று ஒன்று செய்து காட்டினேன். படித்தவள் யோசனை.

அவள் அதைக் கையில் வாங்கவில்லை. "டீச்சரம்மா, இது வேட்டு மாதிரில்ல இருக்கு. இதையா எம் பேத்தி கையில குடுக்கப் போறீக?" என்றாள்.

எனக்கு முகம் எரிந்தது. பாண்டிமீனாவின் மகள் அருணாதேவி, இரண்டாம் வகுப்பு, கதவோரம் நின்று அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துக் குப்பையில் போடப் போனேன். "இருங்க. தாள என்னத்துக்கு வீணாக்குதீக?" என்று வெள்ளைத்தாய் அரிவாள்மணையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். உருட்டி வைத்த குழாய்களை வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி வளையம் வளையமாக நறுக்கினாள். "நறுக்கிப்புட்டா எங்கிட்டு வெடிக்கும்?" என்றாள். ஐந்து வளையத்தை அமுக்கி, முனையோடு முனை ஒட்டினால் நட்சத்திரம். அதை அருணாதேவிதான் கண்டுபிடித்தாள்.

இப்போது பன்னிரண்டு நட்சத்திரம் ஆகிவிட்டது. காலண்டர் அட்டையில் தாயக்கட்டம், புளியங்கொட்டையில் காய், ஒருபக்கம் அச்சான தாளில் தைத்த நோட்டு. அட்டையில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் எழுதியிருக்கிறேன். வெள்ளைத்தாய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எம் மக கைதவறுனதுலதான் எல்லாரும் செத்தாகன்னு ஊரே சொல்லுது. மெய்யா டீச்சரம்மா? நீங்க படிச்சவுக, சொல்லுங்க."

அப்போது என் கைப்பைக்குள் உன் கடிதம் இருந்தது, சந்திரா. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

என் படிப்பு பட்டாசில் வந்தது உண்மை. அதனால்தான் இதில் எனக்கும் பொறுப்பு உண்டு என்கிறேன். கம்பெனி மூட வேண்டாம். நான்கு பேரை உட்காரவைத்து நடத்து, சீசன் கொஞ்சம் நீளட்டும்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒன்று செய்து கொடு. விலையில்லாதது. ஒரு தாள், ஒரு பேனா. அன்று அறையில் எத்தனை பேர், யார் உட்காரச் சொன்னது, பாண்டிமீனா என்ன சொன்னாள். உன் கையால் எழுதி, உன் கையெழுத்தைப் போட்டு, விசாரணையில் கொடு.

அக்கா

*

சிவகாசி
19 டிசம்பர் 2025

அக்கா,

9ஆம் தேதி நான் எழுதியதைப் பெத்தணனிடம் உறையிலிட்டுக் கொடுத்தனுப்பு. கோபத்தில் எழுதியது. நீ கேட்கிற தாளை நான் எழுதினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள்.

மேடையில் உனக்கு நாற்காலி போட்டிருக்கும்.

ஜெ.

*

விருதுநகர்
26 டிசம்பர் 2025

அன்புள்ள சந்திரனுக்கு,

நாற்காலி காலியாக இருந்ததாம். போட்டோவில் அது நன்றாகத் தெரிகிறது என்று பெத்தணன் சொன்னார். சிரிக்காமல்தான் சொன்னார்.

நேற்று வெள்ளைத்தாயும் நானும் அருணாதேவியும் ஆறு வீட்டுக்கும் நடந்தே போனோம். முதல் வீட்டில் உன் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும், அவர்களுக்கு வரவேண்டியதில் அது ஒரு துளி. வெள்ளைத்தாய் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். யாராவது முகம் சுளித்தால் என்ன செய்வது என்று நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். அந்த வீட்டுப் பெண் வெளியே வந்து, வெள்ளைத்தாய் கையிலிருந்த நட்சத்திரத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "எங்களுக்குத் தெரியும் டீச்சரம்மா. அந்த ரூமுக்குள்ள எம்புட்டுப் பேரு போனாகன்னு எண்ணத் தெரியாதா? சொன்னா அடுத்த சீசனுக்கு எங்களுக்கு யாரு வேல குடுப்பா? நீங்க குடுப்பீகளா?" என்றாள்.

வெள்ளைத்தாய் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதமாக எல்லாருக்கும் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு பேர் என்று சொன்னேன். "எடமில்ல, கை இடிக்குது" என்று பாண்டிமீனா சொன்னதைச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் மறுபடி மறுபடி கேட்டாள். "சொன்னாளா? எம் புள்ள சொன்னாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ என்மேல் வைத்த நம்பிக்கையை உடைத்தேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

ஆறாவது வீட்டில் நட்சத்திரத்தைக் கட்டியது அருணாதேவி. எட்டவில்லை, தூக்கிப் பிடித்தேன்.

இத்துடன் ஒரு தாயக்கட்டம் வைத்திருக்கிறேன். உன் பெண்களுக்கு. காய் எண்ணிக்கை சரிதான், பார்த்துக்கொள்.

உன் 9ஆம் தேதிக் கடிதமும் உள்ளே இருக்கிறது. நீ கேட்டபடி திருப்பி அனுப்புகிறேன். நான் கேட்ட பரிசை நீ ஏற்கெனவே செய்துவிட்டாய், உனக்குத்தான் தெரியவில்லை. செய்தவன் கையால் கொடுத்தால்தான் அது பரிசு. ஜனவரி ஆறாம் தேதி காலை பதினொரு மணிக்கு விசாரணை அதிகாரி மேசையில் நீயே வை. வேறெதுவும் பேசவேண்டாம். அன்றைக்கு ஸ்கேலைக் கொடுக்கும்போது சொன்னாயே, அதைச் சொன்னால் போதும்.

நீ வைக்காவிட்டால் நான் வைப்பேன். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டுதான் அனுப்புகிறேன். என்னை உனக்குத் தெரியும்.

வெள்ளைத்தாயும் நானும் ஒன்பது மணி பஸ்ஸில் வருகிறோம். காரை அனுப்பாதே.

அன்புடன்
அக்கா
ஞானசுந்தரி